கோணிய கழுத்து

“இது என்ன தப்பு பண்ணுச்சு மாமா? ஏன் தூக்குல போட்டிருக்கீங்க?”

கடைக்காரரின் தங்கை மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. சைக்கிள் கடையின் பின்சுவரில், டயர்கள் மாட்டியிருக்கும் வரிசைக்கும் மேலே, ஓர் இரும்புக் கொக்கியில் பழைய பிஎம்எக்ஸ் சைக்கிள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முழுச் சைக்கிள் என்று சொல்ல முடியாது. சக்கரமும் சீட்டும் எப்போதோ போய்விட்டன. குரோம் பூசிய ஃபிரேம், அதன் வயிற்றில் பெடல் மாட்டுவதற்கு ஒரே கம்பியில் செய்த கிராங்க், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், அதற்கு மேல் ஹேண்டில்பார். இவ்வளவுதான் மிச்சம். அந்த ஹேண்டில்பாரும் நேராக இல்லை, ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கழுத்து கோணித் தொங்குகிற ஆளாக அது குழந்தையின் கண்ணுக்குத் தெரிந்ததில் வியப்பில்லை.

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். சிரித்தபடியே தங்கை கணவரைப் பார்த்தார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளருக்குள் எறும்பு விழுந்துவிட்டதுபோல அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘நிமிர்ந்து பார்க்க முடியலை பாரு’ என்று கடைக்காரர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

குழந்தை கேட்ட கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு மிட்டாய் கொடுத்ததும் அவளும் மறந்துவிட்டாள். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். கடைக்காரர்தான் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. ஏனென்றால் அவர் கணக்கில் தப்பு பண்ணியது சைக்கிள் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாரே, அவர்.

மீசை அரும்புகிற வயதில் இரண்டு பேரும் இணைபிரியாத சிநேகிதர்கள். சிமெண்ட் கிடங்குக்குப் பின்னாலிருந்த காலி மனையில், தெருப் பையன்கள் எல்லோரும் மண்வெட்டி பிடித்து மேடும் பள்ளமுமாக ஒரு பந்தயத் தடம் போட்டிருந்தார்கள். சிநேகிதனுக்குப் பட்டப்பெயர் பஞ்சர். எங்கே போனாலும் சட்டைப்பையில் ஒரு சின்னத் தகர டப்பா வைத்திருப்பான். நீல நிறம், மூடியிலும் பக்கங்களிலும் வெள்ளை அன்னப்பறவைப் படம். உள்ளே பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனும் ரப்பர்த் துண்டும் உப்புத்தாளும் இருக்கும். யார் டியூப் வெடித்தாலும் கூப்பிடுவதற்கு முன் வந்து நிற்பான்.

ஒருநாள் பந்தயத்தில் இரண்டாவது மேட்டைத் தாண்டி இறங்கும்போது, கடைக்காரர் ஹேண்டில்பாரைத் திருப்பினார். அது திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை. அடுத்து அவருக்கு நினைவிருப்பது வாய்க்குள் மண். இடது முழங்கை இரண்டாகப் போய்விட்டது. அது இன்றுவரை முழுசாக நீளவில்லை. வாடிக்கையாளர்களிடம், “சில்லறை வாங்கற அளவுக்கு நீளும், கடன் குடுக்கற அளவுக்கு நீளாது” என்று சொல்லி அவரே சிரிப்பார்.

விழுந்ததும் முதலில் ஓடி வந்தவன் பஞ்சர். ஜெயிக்கவிருந்த பந்தயத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தான். அன்றைக்கு அது பெரிய அன்பாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது அப்பா வந்து, “எப்படிப்பா ஆச்சு?” என்று கேட்டார். கட்டிலில் கிடந்தவர் வாயைத் திறப்பதற்குள் பஞ்சர் முந்திக்கொண்டான்.

“நட்டு லூசாயிருந்திருக்கும் மாமா.”

கையில் கட்டோடு படுத்திருப்பவனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. நட்டு லூசென்று இவனுக்கு எப்படித் தெரியும்? யார் லூசாக்கினார்கள்? வீட்டுக்கு வந்தபின் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். “அன்னைக்குக் காலையில உன் சிநேகிதன் ஸ்பேனரும் கையுமா உன் சைக்கிளையே குடைஞ்சுகிட்டிருந்தான். ரொம்ப பாசம்தான் போ.” அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அதுவரை அன்பாகத் தெரிந்த ஓட்டம், அந்த நிமிஷத்திலிருந்து வேறு மாதிரித் தெரிந்தது. விழப்போவது தெரிந்தவன்தானே முதலில் ஓடி வருவான்?

பஞ்சரிடம் அவர் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அன்றே தீர்ந்திருக்கும். கேட்காத கேள்விதான் மனசில் நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. சைக்கிளை யாரும் தொடாதபடி, முதலில் வீட்டில், கடை வைத்தபின் இங்கே, கொக்கியில் மாட்டினார். அது சாட்சி. சாட்சியைக் கலைக்கக் கூடாது என்று நினைத்தார். பிரித்துப் பார்த்தால் தான் நினைத்ததற்கு மாறாக ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயமும் அதில் ஓரமாக இருந்தது. அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

சில வருஷம் கழித்துத் தங்கை, “கட்டினா அவரைத்தான் கட்டுவேன்” என்று நின்றாள். அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மறுப்பதற்கு அண்ணனிடம் காரணம் இருந்தது, ஆதாரம் இல்லை. கல்யாணத்தோடு ‘வாடா, போடா’ நின்றுபோய், ‘வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை’ ஆகிவிட்டது. கடைக்காரருக்கு அது சௌகரியமாகவே இருந்தது. மரியாதையைப்போல நல்ல வேலி வேறில்லை.

போன வருஷம் அப்பா காலமானார். இந்த வருஷம் மழை தொடங்கும்போது, மாப்பிள்ளை வேலை பார்த்த அட்டைப்பெட்டி ஆலையை மூடிவிட்டார்கள்.

தங்கை ஒரு மத்தியானம் வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். கடைக்காரர் சாப்பாட்டுக்கு வந்தவர், குரல் கேட்டதும் வெளியிலேயே நின்று ஒரு துணியால் நிதானமாகக் கை துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, அந்தக் கையில இனி கிரீஸ் இல்ல, தோல்தான் வரும். உள்ள வாங்க. உங்க தங்கச்சி எவ்வளவு நேரமா உக்காந்திருக்கா. டீயும் ஆறிப்போச்சு, அவ முகமும் ஆறிப்போச்சு.”

தங்கை சுற்றி வளைக்கவில்லை. “அண்ணா, அவரைக் கடையில சேத்துக்கோ. பஞ்சர் ஒட்டட்டும், கூட்டிப் பெருக்கட்டும், எதுவானாலும் சரி.”

“கடையில எனக்கே வேலை இல்லம்மா. மழை வேற.”

“அப்ப நாங்க போறோம். அவங்க அண்ணன் இருக்கற இடத்துல ஏதோ கிடங்குல ஆள் வேணுமாம். போனா வீட்டையே காலி பண்ணிட்டுத்தான் போகணும். அப்புறம் வருஷத்துக்கு ஒருதரம் உன் முகத்தைப் பாத்தா உண்டு.”

கடைக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்பா அம்மா இரண்டு பேரும் போனபின் அவருக்கென்று மிஞ்சியிருப்பவள் இந்தத் தங்கை ஒருத்திதான்.

“யோசிக்கறேன்” என்றார்.

“நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க மூட்டையைக் கட்டி வண்டி ஏத்திடுவாங்க” என்றாள் மனைவி. “உன் வீட்டுக்காரர் நாளைக்குக் காலையில வரட்டும். நான் சொல்றேன், நீ போம்மா.”

தங்கை போனபின் மனைவி ரசம் ஊற்றினாள்.

“கல்லாப்பெட்டி இருக்கிற இடம்” என்றார் கடைக்காரர்.

“அவரு உங்க கல்லாவைத் தொடுவாரா? உங்க அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப, தூக்கிக் குளிப்பாட்டி விட்டது யாரு? உங்க கை நீளாது, சரி. மனசுமா நீளாது?”

அவருக்கு ரோஷம் வந்தது. வழக்கம்போல அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

மாப்பிள்ளை மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். “மச்சான், வந்துட்டேன்” என்றார். கையில் அதே நீலத் தகர டப்பா இருந்தது. பெயிண்ட் உதிர்ந்து, அன்னப்பறவைக்குத் தலை மட்டும்தான் மிச்சம். அதன் ஒரு பக்கத்துத் தகரம் இல்லாமல், அந்த இடத்தில் அட்டை வைத்து ஒட்டியிருந்தது.

“இன்னும் இத விடலையா மாப்பிள்ளை?”

“இது என்னை விடலை மச்சான்.”

கடைக்காரர் கடையைத் திறந்ததும் ஒரு நொடி கண்மூடி நிற்பது வழக்கம். ‘இன்றைக்கு யாரையும் ஏமாற்றாமல், யாரிடமும் ஏமாறாமல் பார்த்துக்கொள், சாமி’ என்பதுதான் அவருடைய வேண்டுதல். அந்த நாட்களில் கண்ணை மூடினாலும் ஒரு இமை லேசாகத் திறந்தே இருந்தது. மாப்பிள்ளை டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்ப்பார். கடைக்காரர் மாப்பிள்ளையைப் பார்ப்பார். மாப்பிள்ளை சக்கரத்துக்குப் பெண்டு எடுக்கும்போது, ரிம்மைவிட அவர் விரல்களையே இவர் கவனிப்பார். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றே ஒன்று அகப்பட்டது. டயர் எடுக்கப் பின்சுவர்ப் பக்கம் போகும்போதெல்லாம் மாப்பிள்ளையின் கண் ஒருதரம் மேலே போய் அந்தக் கொக்கியைத் தொட்டுவிட்டு வரும்.

மழை விட்ட ஒரு காலையில் தாடிக்காரர் ஒருவர் வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பழைய பிஎம்எக்ஸ் சைக்கிள்களையும் உதிரிகளையும் தேடி வாங்குகிறவர். பெருந்தலைகள் எல்லாம் கார் சேர்க்கும்போது இவர் தன் சின்ன வயதைச் சேர்த்துக்கொண்டிருந்தார். கடைக்குள் நுழைந்தவர் பேசவந்ததை மறந்து சுவரைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

“ஐயா, அந்த ஃபிரேமைக் கொஞ்சம் இறக்கிக் காட்டுவீங்களா?”

“அது விக்கறதுக்கு இல்லீங்க.”

“பாக்கறதுக்குக் காசு வாங்கவா போறீங்க?”

மாப்பிள்ளையே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார். கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார் தாடிக்காரர். கழுத்துக்குக் கீழே ஒட்டவைத்திருந்த முக்கோணத் தகட்டைத் தடவினார். பின்சக்கரத்தைப் பிடிக்கும் முட்கள் சந்திக்கும் இடத்தில் வெல்டிங்கை நகத்தால் நிரடிப் பார்த்தார்.

“இந்தத் தகடு பாத்தீங்களா, கையால வெச்ச வெல்டிங். இப்பல்லாம் மெஷின்ல வழவழன்னு வந்துடுது. கிராங்க் ஒரே கம்பி. இதுல வளைவே இல்லையே. இந்த மாதிரி நேரா இருக்கற கிராங்க் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எல்லாத்தையும் பசங்க குதிச்சுக் குதிச்சே வளைச்சு வெச்சிருப்பாங்க.”

“நானும் குதிச்சவன்தான்” என்றார் கடைக்காரர். “நான் வளைஞ்சேன். அது வளையலை.”

தாடிக்காரர் சிரித்து, பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி முன்காலைக் காட்டினார். எலும்பின்மேல் வரிசையாகப் புள்ளி வைத்ததுபோல வெள்ளைத் தழும்பு. “பல்லு வெச்ச பெடல். நாய் கடிச்சாகூட இவ்வளவு அழகாக் கடிக்காது.”

மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே தன் காலைக் காட்டினார். கடைக்காரரும் வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தினார். மூன்று ஆண்கள் பட்டப்பகலில் காலைக் காட்டி நிற்பதைப் பார்த்து, பால்காரி ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

“சக்கரம் என்னது, ஸ்போக்ஸா? பிளாஸ்டிக்கா?”

“பிளாஸ்டிக். மஞ்சள்” என்றார் மாப்பிள்ளை. “அஞ்சு கை வெச்சது. வெயில்ல நின்னா லேசா நெளியும். மச்சான் ஈரச் சாக்கு போத்தி வெப்பாரு. அவரு தலைக்குத் தொப்பி கிடையாது, சக்கரத்துக்குச் சாக்கு.”

“பேடு இருந்துச்சா? கம்பிக்குச் சுத்தறது?”

“அதெல்லாம் கடையில வாங்கினது இல்லீங்க” என்றார் கடைக்காரர். அவரறியாமல் குரல் இளகிவிட்டது. “எங்க அப்பா டெய்லர். கோட்டுத் துணியில மிச்சம் விழறதைச் சேத்து, உள்ள பஞ்சு வெச்சு, அவரே தெச்சாரு. நடுக்கம்பிக்கு ஒண்ணு, ஹேண்டில்பாருக்கு ஒண்ணு, கழுத்துக்கு ஒண்ணு. உள்ள சாட்டின் லைனிங் வேற. சைக்கிளுக்குக் கோட்டு தெச்ச ஒரே டெய்லர் அவராத்தான் இருக்கணும்.”

“இந்த ஸ்டெம்?” தாடிக்காரர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்குக்குள் இறங்கும் கழுத்தைத் தட்டினார். “இது இதோட வந்தது இல்லையே. ஜாதி வேற மாதிரித் தெரியுது.”

“அதுவும் அப்பா வாங்கினதுதான். பழைய இரும்புக் கடையில பாத்து, பேரம் பேசி வாங்கி, சாம்பல் போட்டுத் தேச்சுப் பளபளன்னு கொண்டாந்தாரு. பந்தயத்துக்கு முந்தின வாரம். சாகறவரைக்கும் அதே பேச்சு. ‘அந்த ஸ்டெம் இன்னும் இருக்கா? நல்ல உருப்படிடா அது’ன்னு.”

தாடிக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டே, “இதைப் பிரிச்சு உள்ள ஒருதரம் பாக்கணுமே” என்றார்.

“வேணாம்” என்றார் மாப்பிள்ளை.

சட்டென்று வந்த அந்த வார்த்தைக்கு இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“இல்ல, துரு ஏறியிருக்கும். பிரிச்சா உடைஞ்சுடும். இருக்கறபடியே இருக்கட்டும். அதான் விக்கறதில்லேன்னு மச்சான் சொல்லிட்டாரே.”

“நாளன்னைக்கு வரேன்” என்றார் தாடிக்காரர். “எண்ணெய் விட்டு ஊற வெச்சுப் பிரிச்சுப் பாக்கலாம். விக்கறதும் விக்காததும் அப்புறம்.”

அவர் போய்விட்டார். கடைக்காரருக்கு உள்ளே பழைய வழக்கு மறுபடி எழுந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷமாக வாயே திறக்காத ஆள், பிரிக்கிறேன் என்றதும் ஏன் பதறுகிறார்? லூசான நட்டை இன்றைக்கும் பார்த்தால் தெரிந்துவிடும் என்றா? அன்று மாலை கடையைப் பூட்டும்போது, காலையில் கூட்டிப் பெருக்க என்று சில நாளாக மாப்பிள்ளையிடம் கொடுக்கிற இரண்டாவது சாவியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கினார். பிறகு கொடுத்தார். கொடுத்ததில் நம்பிக்கை இல்லை. ஒரு பொறி வைக்கிற எண்ணம்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் வழக்கத்துக்கு முன்பாகவே கிளம்பினார். தூறல். தெருவில் குடைகூட அவர் விரிக்கவில்லை, சத்தம் கேட்கும் என்று. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து பார்த்தார்.

சைக்கிள் தரையில் இருந்தது. அதன் கழுத்தை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஸ்பேனரை மாட்டித் திருகிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

இஸ்திரிக்காரர் அன்றைக்குக் கண்டதும் இதே கோலம்தான். கடைக்காரர் ஷட்டருக்குக் கீழே நுழைந்தார்.

“என்ன பண்றீங்க மாப்பிள்ளை?”

ஸ்பேனர் கீழே விழுந்தது. “துரு… துரு துடைக்கலாம்னு.”

“ஸ்பேனர் வெச்சா துரு துடைப்பாங்க?”

மாப்பிள்ளை குனிந்து ஸ்பேனரை எடுத்தார்.

“அன்னைக்கும் துருதான் துடைச்சீங்களா? பந்தயத்தன்னைக்குக் காலையில?”

இத்தனை வருஷம் வைத்திருந்த கேள்வி. மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயமோ கோபமோ இல்லை. சொல்ல வந்து சொல்லாமல் வாயை மூடிக்கொண்டதுதான் தெரிந்தது.

“ஆமா மச்சான். அன்னைக்குத் தொட்டேன். வேற எதுவும் என்னைக் கேக்காதீங்க.”

“கேக்கலை. சாவியை வெச்சுட்டுப் போங்க. நாளையிலேருந்து வர வேணாம்.”

மாப்பிள்ளை சாவியை மேசைமேல் வைத்தார். தகர டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஷட்டருக்குக் கீழே குனியும்போது ஒருதரம் திரும்பி, “அதைப் பிரிக்காதீங்க. உங்களைக் கேட்டுக்கறேன்” என்றார். அப்புறம் தூறலில் இறங்கிப் போய்விட்டார்.

கடைக்காரர் மேசைமேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டார். அவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. தங்கை மூட்டை கட்டுவது கண்முன் வந்தது. பிறகு ஒரு வீம்பில், ஷட்டரைக் கீழே இறக்கிவிட்டு சைக்கிளுக்கு முன் உட்கார்ந்தார்.

நட்டில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். ஸ்பேனரை மாட்டினார். அசையவில்லை. முழுசாக நீளாத கையால் ஃபோர்க்கை அணைத்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுக்க வைத்து அழுத்தினார். க்ரீச்சென்று ஒரு சத்தத்தோடு நட்டு கொஞ்சம் இளகியது. மறுபடி அழுத்தினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாழ்நாள் முழுக்க நட்டு திருகிய கை அது. லூசாக விட்ட நட்டு எது, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிய நட்டு எது என்று அதற்குத் தெரியாதா? இது இறுக்கிய நட்டு. துரு பிறகு வந்து ஏறியது.

சுத்தியலால் மெல்லத் தட்டி ஸ்டெம்மை வெளியே இழுத்தார். அதோடு சேர்ந்து ஏதோ ஒன்று சுருண்டு வந்து மடியில் விழுந்தது.

ஒரு தகரத் துண்டு. ஒரு பக்கம் துரு. துணியால் துடைத்தார். நீல நிறம் தெரிந்தது. இன்னும் துடைத்தார். ஒரு வெள்ளைச் சிறகு வந்தது.

ஸ்டெம்மை ஃபோர்க்கின் குழாய்க்குள் சும்மா விட்டுப் பார்த்தார். கலகலவென்று ஆடியது. வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்தார். அளக்காமலேகூடத் தெரிந்திருக்கும். அந்த ஸ்டெம் வேறு நாட்டு அளவு, ஒரு மயிரிழை மெலிசு. குழாய்க்குள் போகும், இறுக்கினால் பிடிப்பதுபோலவும் காட்டும், உதறினால் சுற்றிக்கொள்ளும். இந்தக் கடையில் அவரே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், ‘இது சேராதுங்க, வேற கொண்டாங்க’ என்று.

அப்பா அதை எப்படி அளந்து வாங்கியிருப்பார் என்பது இப்போது கண்ணால் பார்ப்பதுபோல இருந்தது. கழுத்தில் தொங்கும் துணி டேப்பை உருவி, குழாயைச் சுற்றி, சட்டைக் காலருக்கு அளவெடுப்பதுபோல. துணிக்கு ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் பிடித்துத் தைத்துவிடலாம். இரும்பைப் பிடித்துத் தைக்க முடியாது. “அளவு பாத்துத்தான் வாங்கினேன்” என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னார்.

பந்தயத்தன்று காலையில் பஞ்சர் அதைக் கண்டுபிடித்திருக்கிறான். சொன்னால் அப்பாவின் முகம் வாடும். சொல்லாவிட்டால் சிநேகிதன் விழுவான். அந்த வயதுப் பையனுக்குத் தெரிந்த வழி, தன் டப்பாவைக் கத்தரித்துச் சந்தில் அணைகொடுத்து, உள்ள பலத்தையெல்லாம் போட்டு இறுக்கிவிடுவது. முதல் மேடு வரைக்கும் அது தாங்கியது. பிறகு ஆஸ்பத்திரியில் அப்பா, எப்படி ஆச்சு என்று கேட்டபோது, அவர் தன் ஸ்டெம்மை நினைப்பதற்குள் முந்திக்கொண்டு ஒரு பொய். நட்டு லூசாயிருந்திருக்கும் மாமா.

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் இவர் இத்தனை காலமும் ஒருவரைத் தூக்கில் போட்டிருந்தார்.

கடைக்காரர் அழவில்லை. தகரத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இரண்டு இமையும் முழுசாக மூடியிருந்தன. வேண்டுதலுக்கு வார்த்தை ஒன்றும் வரவில்லை. சில வேளைகளில் அதுவும் வேண்டுதல்தான்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆலையை மூடும்போது கடைசியாகக் கொடுத்த பெட்டிகள். ஒன்றில் பாத்திரங்கள் ஏறியிருந்தன. தங்கை அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். போகும்போதே, “டீ வேணும்னா சொல்லச் சொல்லுங்க” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மாப்பிள்ளை தடுமாறி எழுந்தார். “வாங்க மச்சான்.”

“உக்காருங்க.” கடைக்காரர் ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அது கொஞ்சம் அமுங்கியது. “இதுதான் நீங்க செஞ்ச பெட்டியா? ஆலையை மூடினது நியாயம்தான் போலிருக்கு.”

மாப்பிள்ளை சிரிக்கலாமா என்று தெரியாமல் பார்த்தார்.

“காலையில ஏதோ பேசிட்டேன். மழைக்குக் கை வலிக்கும், அந்த எரிச்சல். மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்குக் கடைக்கு வாங்க.”

“மச்சான், பிரிச்சீங்களா?”

கேட்ட குரல் மிகவும் தணிந்திருந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கடைக்காரர் தன் கைவிரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் துரு.

“முயற்சி பண்ணேன். நட்டு அசையலை. துரு தின்னுடுச்சு. போய்த் தொலையுதுன்னு விட்டுட்டேன். தாடிக்காரர்கிட்டயும் விக்கறதில்லேன்னு சொல்லிடறேன்.”

மாப்பிள்ளை மூச்சு விட்டார். தோள் இரண்டும் ஒரு பாரத்தை இறக்கியதுபோலத் தாழ்ந்தன. “நல்லதாப் போச்சு. மாமா ஆசையா வாங்கினது. அப்படியே இருக்கட்டும்.”

“ஆமாடா” என்றார் கடைக்காரர். “அப்படியே இருக்கட்டும்.”

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ‘டா’ அது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள், ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளேயிருந்து தங்கை, “சர்க்கரை போடவா, வேணாமா?” என்று கேட்டாள். கோபம் போய்விட்டது என்பதற்கு அவள் வீட்டில் அதுதான் அடையாளம்.

அதற்குப் பிறகு கொக்கியில் சைக்கிள் இல்லை. இடம் அடைக்கிறது என்று சொல்லிக் கடைக்காரர் அதைப் பரண்மேல் போட்டுவிட்டார். கொக்கியில் இப்போது குடைகள் தொங்குகின்றன.

மழை ஓய்ந்து வெயில் வந்தது. ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை சீக்கிரம் கிளம்பினார், கல்லூரியிலிருந்து மகள் வருகிறாள் என்று. “ரிப்பேருக்கு வந்த அந்தச் சின்ன சைக்கிள் முடிஞ்சுடுச்சு மச்சான். இடது பெடல் உடைஞ்சிருந்துச்சு, வேற போட்டுட்டேன். காலையில அந்த வீட்டுப் பாப்பா வந்து எடுத்துக்கும்.” முகத்தில் ஒரு வேலையை முழுசாகத் தானே செய்த திருப்தி இருந்தது.

அவர் போனபின் கடைக்காரர் சைக்கிளை நகர்த்தி வைக்கப் போனார். பெடல் லேசாகச் சாய்ந்திருந்தது. குனிந்து பார்த்தார். வலது பக்கத்துப் பெடலை இடது பக்கம் மாட்டியிருக்கிறது. இடது பெடலுக்குத் திருகு மரை எதிர்ப்பக்கமாக ஓடும். எது எந்தப் பக்கம் என்று முனையில் பொடி எழுத்து இருக்கும். மாப்பிள்ளையின் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. பழைய மரை ஏறாமல் முரண்டியிருக்கும், அவர் உள்ள பலத்தையெல்லாம் போட்டு இறுக்கியிருப்பார். அவர் வழக்கம் அதுதானே. கழற்றியதும் கிராங்கின் மரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. நாளைக்கு ஒரு திருப்பத்தில் குழந்தையின் காலோடு பெடல் கழன்று வந்திருக்கும்.

கடையில் அந்த அளவுக்கு வேறு கிராங்க் இல்லை. கடைக்காரர் பரணை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து தன் பழைய ஃபிரேமை இறக்கினார். தாடிக்காரர் தடவித் தடவிப் பார்த்த அந்த வளையாத கிராங்க், கழற்றியபோது புதுசுபோல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதைச் சின்ன சைக்கிளில் கோத்தார். பால்ஸுக்குக் கிரீஸ் வைத்தார். பெட்டியைக் கிளறி, மாப்பிள்ளை போட்டதைப்போலவே இருக்கும் ஓர் இடது பெடலைத் தேடியெடுத்து மாட்டினார். கையால் சுற்றிவிட்டார். சத்தமில்லாமல் சுற்றியது.

ஒரு குறை இருந்தது. கிராங்க் பளபளத்தது. காலையில் வெளிச்சத்தில் அது அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். தரையில் விரலை வைத்து எண்ணெயும் புழுதியும் குழைத்து, குரோம் மறையும்வரை பக்குவமாகப் பூசினார்.

உதிர்ந்த மரைத் தூளை ஊதித் துடைத்தார். கெட்டுப்போன கிராங்கைப் பழைய இரும்புச் சாக்கின் அடியில் செருகினார். ஸ்பேனரை மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன இடத்திலேயே, வைத்த கோணத்திலேயே வைத்தார். சின்ன சைக்கிளை வாசலைப் பார்த்து நிறுத்தி, ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா என்று ஒருதரம் முன்னால் நின்று பார்த்தார்.

பிறகு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, கைகழுவக் குழாயடிக்குப் போனார்.